சோர்ஸ் மேப்பில் வரி சரி, நெடுவரிசை தவறு: கம்பைலரில் எங்கே திருத்த வேண்டும்?

தும்பி (கேள்வி)

ஒரு சிறு மொழியை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் இது. ரஸ்ட்டில் எழுதப்பட்டது. லெக்சர், பார்சர், ஏஎஸ்டி (நிரலின் தொடரமைப்பு மரம்), அதிலிருந்து எளிய ஐஆர் (இடைநிலை வடிவம்), கடைசியில் வெளியீட்டை எழுதும் பிரின்டர் என்ற வரிசையில் ஓடுகிறது. வெளியீடு அதைச் சுருக்கும் டெர்சர் என்ற கருவிக்குப் போகிறது. உருவான குறியீட்டின் ஒவ்வோர் இடமும் மூலத்தில் எங்கிருந்து வந்தது என்று டீபக்கருக்குச் சொல்லும் சோர்ஸ் மேப்பை மூன்றாம் பதிப்பு வடிவில் எழுதுகிறேன். ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டின் தொடக்கத்திலும் ஒரு செக்மென்ட், அதாவது ஓர் இட இணைப்புப் பதிவு. ஏஎஸ்டி முனைகளில் தொடக்க பைட் ஆஃப்செட் மட்டும் இருக்கிறது, முடிவு இல்லை.

சாதாரண வரிகளில் பிரேக்பாயின்ட் சரியாக நிற்கிறது. சிக்கல் வரும் இடங்கள் இவை:

– `கூடை.பொருள்.விலை()` போன்ற அழைப்பில் `பொருள்` அன்டிஃபைன்டாக இருந்தால், ஸ்டாக் டிரேஸ் அந்த ஸ்டேட்மென்ட்டின் தொடக்கத்தைத்தான் காட்டுகிறது. பல வரிகளுக்கு நீளும் சங்கிலி அழைப்பு என்றால் வரியே தவறிவிடுகிறது.

– வரியில் தமிழ் ஸ்டிரிங் இருந்தால் அதற்குப் பின் வரும் எல்லாம் வலப்பக்கம் தள்ளித் தெரிகிறது.

– எங்கள் மொழியின் `பொருத்து` அமைப்பை (பேட்டர்ன் மேட்சிங்தான்) ஐஆரில் தற்காலிக மாறிகளாகவும் நிபந்தனைகளாகவும் உடைக்கிறோம். அதற்குள் ஸ்டெப் ஓவர் செய்தால் கர்சர் மேலும் கீழும் தாவுகிறது.

– டெர்சருக்குப் பின் நிலைமை இன்னும் மோசம்.

செக்மென்ட்டை எண்ணிக்கையில் கூட்டினால் போதுமா, அல்லது அடிப்படையிலேயே ஏதாவது மாற்ற வேண்டுமா?

வரைவாளன்

முதலில் டெர்சரை நிறுத்திவிட்டு, உங்கள் கம்பைலர் தரும் மேப்பை மட்டும் சோதியுங்கள். இரண்டு மேப்கள் சேர்ந்த பிறகு பிழையைத் தேடினால் யார் தவறு என்று ஒருநாளும் தெரியாது. ஈஎஸ்பில்ட் என்ற பில்ட் கருவியின் ஆசிரியர் வெளியிட்டிருக்கும் மேப் காட்சிப்படுத்தும் இணையப் பக்கத்தில் வெளியீட்டையும் மேப்பையும் போட்டால், எந்தத் துண்டு மூலத்தின் எந்தத் துண்டோடு இணைகிறது என்று நிறத்தில் தெரியும். உங்கள் `பொருத்து` பகுதியில் ஒரே நிறம் நீளமாகப் பரவிக் கிடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

காரணம், தேடும் விதி. டீபக்கருக்கு ஒரு நெடுவரிசை கிடைத்தால் அதற்குச் சமமான அல்லது அதற்கு முந்தைய செக்மென்ட்டில் மிக அருகில் இருப்பதை எடுக்கும். செக்மென்ட் என்பது ஒரு புள்ளி மட்டுமே, அதற்கு நீளம் கிடையாது. அடுத்த செக்மென்ட் வரும்வரை எல்லா எழுத்தும் முந்தையதன் கணக்கில் போகும். மூலத்தில் இல்லாத துணைக் குறியீட்டை நீங்கள் அச்சடித்துவிட்டு மேப்பிங் எதுவும் போடாமல் விட்டால், அது "மூலம் இல்லாதது" ஆகிவிடாது. முன்னால் இருந்த ஸ்டேட்மென்ட்டின் பகுதியாகிவிடும். கர்சர் தாவுவதில் பெரும்பங்கு இதனால்தான்.

இதற்காகவே வடிவத்தில் ஒற்றைப் புல செக்மென்ட் இருக்கிறது. ஒரு செக்மென்ட்டில் 1, 4 அல்லது 5 புலங்கள் இருக்கலாம். நான்கு என்றால் உருவான நெடுவரிசை, மூலக் கோப்பின் எண், மூல வரி, மூல நெடுவரிசை. ஐந்தாவது, பெயரின் எண். ஒன்று மட்டும் என்றால் "இங்கிருந்து அடுத்த செக்மென்ட் வரை மூலம் எதுவும் இல்லை" என்று பொருள். துணைக் குறியீடு தொடங்கும் இடத்தில் அதைப் போடுங்கள். மீண்டும் பயனர் எழுதிய எக்ஸ்பிரஷன் தொடங்கும்போது நான்கு புல செக்மென்ட்.

இன்னொன்று: உருவான ஒவ்வொரு வரியும் நெடுவரிசை 0-இலேயே ஒரு செக்மென்ட்டோடு தொடங்கட்டும். வரித்தொடக்கத்து இன்டென்ட் பகுதியில் செக்மென்ட் இல்லையென்றால் சில கருவிகள் முந்தைய வரியின் கடைசி செக்மென்ட்டை எடுக்கும், சில "எதுவும் இல்லை" என்று திருப்பும். அந்த வேறுபாட்டில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

இசைநிரல்

தமிழ் ஸ்டிரிங் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இது தனிப் பிழை, மற்றவற்றோடு குழப்ப வேண்டாம்.

ரஸ்ட்டில் ஸ்டிரிங் யூடிஎஃப்-8. உங்கள் ஆஃப்செட் பைட் கணக்கு. சோர்ஸ் மேப்பில் நெடுவரிசை யூடிஎஃப்-16 அலகுகளில் இருக்க வேண்டும். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. யூடிஎஃப்-16இல் 5 அலகு. அந்தச் சொல் ஒருமுறை வந்தாலே அதற்குப் பின் வரும் எல்லாம் 10 இடம் வலப்பக்கம் தள்ளும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதுவேதான்.

பைட்டுக்குப் பதில் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணினால் தமிழுக்குச் சரியாகிவிடும். ஆனால் எமோஜி வரும்போது மறுபடி உடையும். அது யூடிஎஃப்-8இல் 4 பைட், ஒரே குறியீட்டுப் புள்ளி, யூடிஎஃப்-16இல் 2 அலகு. 65,535-ஐத் தாண்டும் எந்தப் புள்ளிக்கும் இரண்டு என்று எண்ணுங்கள். திரையில் தெரியும் எழுத்துகளை எண்ணுவது மூன்றாவது தவறு: "மி" கண்ணுக்கு ஒன்று, கணக்கில் இரண்டு.

ஏஎஸ்டி முழுக்கப் பைட் ஆஃப்செட்டாகவே வைத்திருங்கள், அதை மாற்றாதீர்கள். செக்மென்ட் எழுதும் கணத்தில் மட்டும் மாற்றினால் போதும். கோப்புக்கு ஒரு வரித்தொடக்க அட்டவணை. அதில் ஒவ்வொரு வரிக்கும் "முழுக்க ஆஸ்கியா" என்று ஒரு பிட். ஆம் என்றால் கழித்தலே விடை. இல்லையென்றால் வரித்தொடக்கத்திலிருந்து அந்த ஆஃப்செட் வரை நடந்து எண்ணுங்கள். பெரும்பாலான வரிகள் முதல் வகை, ஆகவே வேகம் குறையாது.

உருவான பக்கத்துக்கும் இதே விதி உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரின்டர் பஃபரின் பைட் நீளத்தை நெடுவரிசையாக எடுக்கக் கூடாது. எழுதும் ஃபங்ஷனுக்குள்ளேயே யூடிஎஃப்-16 எண்ணியை ஏற்றிக்கொண்டு போங்கள். ஆஸ்கி மட்டும் வெளியிடும் அமைப்பில் ஒவ்வொரு தமிழ்ப் புள்ளியும் 6 எழுத்து கொண்ட எஸ்கேப் ஆகும். எழுதும்போதே எண்ணினால் அதுவும் தானாகச் சரியாகிவிடும்.

டேப் ஒரு நெடுவரிசை. கோப்பின் தலையில் பிஓஎம் (பைட் வரிசைக் குறி) இருந்தால் பார்சருக்குக் கொடுக்கும் முன் நீக்கிவிட்டு, நீக்கிய பிரதியையே மேப்பின் மூல உரைப் புலமான சோர்சஸ்-கன்டென்ட்டில் வையுங்கள்.

செம்பருத்தி

ஸ்டேட்மென்ட் தொடக்கம் மட்டும் போதாது. எந்தெந்த இடத்தில் செக்மென்ட் வேண்டும் என்பதை எஞ்சின் முடிவு செய்கிறது. அது எந்த நெடுவரிசையைச் சொல்லுமோ அந்த இடத்தில் உங்கள் செக்மென்ட் இருக்க வேண்டும்.

வி8 எஞ்சினில் (குரோமிலும் நோட்.ஜேஎஸ்-இலும் இருப்பது):

`கூடை.பொருள்.விலை()` என்ற அழைப்பில் சட்டக நிலை (ஸ்டாக் டிரேஸின் அந்த வரி காட்டும் இடம்) கடைசிப் பெயரான `விலை`யின் தொடக்கம். `பொருள்` அன்டிஃபைன்டாக இருந்து ப்ராப்பர்ட்டி படிப்பது தோற்றாலும் அதே இடம்தான். வெறும் `கணக்கிடு()` என்றால் அந்தப் பெயரின் தொடக்கம். `பட்டியல்[எண்]()` என்றால் அழைப்பின் திறப்பு அடைப்புக்குறி `(`. அங்கே பெயர் கடைசி டோக்கனாக இல்லாததால் எஞ்சின் அடைப்புக்குறியின் இடத்தைப் பதிகிறது. நியூ, த்ரோ இரண்டுக்கும் அந்தக் கீவேர்டே.

ஆகவே ஒவ்வொரு ப்ராப்பர்ட்டி பெயருக்கும் தனி செக்மென்ட் கட்டாயம். புள்ளிக்கு அல்ல, பெயரின் முதல் எழுத்துக்கு. அழைப்பின் அடைப்புக்குறிக்கும் ஒன்று. ப்ராப்பர்ட்டி முனையில் முழு எக்ஸ்பிரஷனின் தொடக்கத்தை மட்டும் வைத்திருந்தால் இது முடியாது. பெயர் டோக்கனின் இடத்தையும் அந்த முனையிலேயே சேமிக்க வேண்டும். பார்சரில் மாற்றம் தேவை, ஆனால் சிறியதுதான்.

அடுத்து, முடிவு ஆஃப்செட். இது இல்லாமல் ஃபங்ஷனின் மூடும் நெளிவு அடைப்பை மேப் செய்ய முடியாது. ரிட்டர்ன் எழுதாத ஃபங்ஷனில் ஸ்டெப் செய்யும்போது எஞ்சின் அந்த மூடும் அடைப்பில் ஒருமுறை நிற்கும். அங்கே செக்மென்ட் இல்லையென்றால் கடைசி ஸ்டேட்மென்ட் இரண்டாம் முறை ஓடுவது போலத் தெரியும். மூல ஃபங்ஷனின் முடிவுக்கு ஓர் எழுத்து முன்னால் அதை மேப் செய்யுங்கள்.

மற்றபடி பெயர்கள், லிட்டரல்கள், இருபுற ஆபரேட்டர்களின் வலப்பக்கம் எல்லாவற்றுக்கும் போடுங்கள். சுருக்கமாக, டோக்கனுக்கு ஒன்று.

நடுவண்

செம்பருத்தி சொன்ன வி8 இடங்கள் சரி. "டோக்கனுக்கு ஒன்று" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பிரின்டர் தானாக இடும் காற்புள்ளி, அரைப்புள்ளி, எல்ஸ், முன்னுரிமைக்காகச் சேர்த்த அடைப்புக்குறி இவையெல்லாம் டோக்கன்தான். இவற்றுக்கு மூல இடம் "கண்டுபிடித்து"ப் போட ஆரம்பித்தால் மேப் பொய் சொல்லத் தொடங்கும். விதி இப்படி இருக்கட்டும்: மூலத்தில் ஸ்பான் (தொடக்கம், முடிவு) உள்ள ஒவ்வொரு முனையின் தொடக்கத்துக்கும், எஞ்சின் நிலை பதியும் இடங்களுக்கும் செக்மென்ட். மற்றதற்கு, பயனர் எழுதியதன் நீட்சி என்றால் ஒன்றும் வேண்டாம். கம்பைலர் இட்டது என்றால் ஒற்றைப் புலம்.

கேள்வியின் மையம் ஐஆர்தான், அதற்கு வருகிறேன். உங்கள் ஐஆர் முனையில் ஸ்பான் விருப்பப் புலமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கட்டாயமாக்குங்கள். மூன்று நிலை போதும்: "மூலம்" (கோப்பு, தொடக்கம், முடிவு), "வழிவந்தது" (எந்த மூல ஸ்பானால் பிறந்தது), "செயற்கை". கன்ஸ்ட்ரக்டர் இதைக் கேட்காமல் முனையை உருவாக்கவே அனுமதிக்கக் கூடாது. பூச்சியத்தை இயல்பு மதிப்பாக வைத்தால் எல்லாச் செயற்கை முனையும் கோப்பின் முதல் எழுத்தைச் சுட்டும். ஸ்டெப் செய்யும்போது கர்சர் கோப்பின் உச்சிக்குத் தாவினால் காரணம் அனேகமாக இதுதான்.

இப்போது `பொருத்து`:

`பொருத்து (தகவல்) { பிழை(செய்தி) => காட்டு(செய்தி), சரி(மதிப்பு) => கூட்டு(மதிப்பு) }`

இதில் தற்காலிக மாறிக்கு மதிப்பிடும் ஸ்டேட்மென்ட் `தகவல்` என்ற எக்ஸ்பிரஷனைச் சுட்ட வேண்டும், `பொருத்து` கீவேர்டை அல்ல. ஏனென்றால் அங்கே உண்மையில் ஓடுவது அந்த எக்ஸ்பிரஷன். குறி ஒப்பிடும் நிபந்தனை அந்தந்தப் பேட்டர்னின் தொடக்கத்தை, அதாவது `பிழை`, `சரி` என்பவற்றைச் சுட்டட்டும். உள் மதிப்பை வெளியே எடுக்கும் மதிப்பீடு பேட்டர்னுக்குள் இருக்கும் `செய்தி` என்ற பெயரை. கை (பேட்டர்ன் கிளை) எதுவும் பொருந்தாதபோது எறியும் பிழை `பொருத்து` கீவேர்டை. அந்த ஒன்றுக்கு மட்டும் கீவேர்டே சரியான இடம், பயனர் பார்க்க விரும்புவதும் அதைத்தான். எல்ஸ், தற்காலிக மாறியின் அறிவிப்பு, இடையில் வரும் அடைப்புகள் எல்லாம் ஒற்றைப் புலம்.

இப்படிச் செய்தால் ஸ்டெப் ஓவர் `தகவல்`, `பிழை`, `சரி`, `மதிப்பு`, `கூட்டு` என்று மூலத்தின் வரிசையிலேயே முன்னோக்கி நகரும்.

ஆப்டிமைசேஷன் கட்டத்துக்கு எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு பின்பற்றும் ஒழுங்கு நல்ல முன்மாதிரி. ஒரு கட்டளை இடம் மாறாமல் இன்னொன்றாக உருமாறினால் இடத்தகவலைக் காப்பாற்று. இரண்டு கட்டளைகள் ஒன்றானால் இரண்டையும் ஒருங்கிணை. வேறு பிளாக்குக்கு நகர்த்தினால் கைவிடு. கைவிட்டது டுவார்ஃப் என்ற டீபக் தகவல் வடிவில் வரி 0 ஆகும். நமக்கு அதன் இணை ஒற்றைப் புல செக்மென்ட். தவறான வரியைக் காட்டுவதைவிட வரியே இல்லாமல் இருப்பது மேல். ஓடாத கிளையில் கர்சர் நின்றால், நிபந்தனை உண்மையாகிவிட்டது என்று பயனர் நம்பிவிடுவார்.

`2 * 60 * 60` என்பதை 7200 என்று மடித்தால் முழு எக்ஸ்பிரஷனின் தொடக்கத்தை வையுங்கள். இரண்டு கிளைகளில் இருந்த ஒரே எக்ஸ்பிரஷனை மேலே தூக்கி ஒன்றாக்கினால் ஒரு கிளையின் இடத்தை வைக்காதீர்கள், செயற்கை என்று குறியுங்கள். ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே உள்ளேற்றினால் (இன்லைன்) உடலின் மூல ஸ்பானே இருக்கட்டும். ஆனால் ஸ்டாக் டிரேஸில் அந்தச் சட்டகம் காணாமல் போவதை இன்றைய மேப்பால் ஈடுசெய்ய முடியாது. டீபக் பில்டில் உள்ளேற்றத்தை நிறுத்திவிடுவதே வழி.

தும்பி

மிக்க நன்றி. யூடிஎஃப்-16 மாற்றமும், ப்ராப்பர்ட்டி பெயருக்குத் தனி ஸ்பானும் போட்டதும் முதல் இரண்டு சிக்கல்கள் தீர்ந்தன. ஐஆரில் நடுவண் சொன்ன மூன்று நிலைகளைக் கொண்டுவந்ததும், செயற்கை என்று குறிக்கப்படாத பல இடங்களை ரஸ்ட் கம்பைலரே சுட்டிக்காட்டியது. `பொருத்து` இப்போது ஒழுங்காக நகர்கிறது.

டெர்சர் இல்லாதபோது எல்லாம் சரி. இருக்கும்போது இரண்டு சிக்கல்கள் மிச்சம். முதலாவது, பெரும்பாலான இடங்கள் சரி, ஆனால் இடையிடையே நெடுவரிசை முந்தைய எக்ஸ்பிரஷனுக்குப் போகிறது. இரண்டாவது, பில்டின் முடிவில் கோப்பின் தலையில் உரிமக் குறிப்பும், ஒரே வரியில் தொடங்கும் ஒரு ஃபங்ஷன் உறையும் சேர்க்கிறோம். அதற்குப் பின் எல்லாம் சில வரிகள் விலகுகிறது.

வரைவாளன்

இரண்டாவது எளிது, அதை முதலில் முடிப்போம். செக்மென்ட்டுகள் எழுதப்படும் மேப்பிங்ஸ் ஸ்டிரிங்கில் அரைப்புள்ளி என்பது உருவான கோப்பின் ஒரு வரி முடிவு. தலையில் 4 முழு வரிகள் சேர்த்தால் ஸ்டிரிங்கின் முன்னால் `;;;;` சேர்க்க வேண்டும், அவ்வளவே. உறை வரியின் நடுவில் முடிந்து உங்கள் குறியீடு அதே வரியில் தொடர்ந்தால், அந்த வரியின் முதல் செக்மென்ட்டின் முதல் புலத்தோடு மட்டும் உறையின் நீளத்தைக் கூட்டுங்கள். அந்த வரியின் மற்றவை முந்தையதிலிருந்து வித்தியாசமாகவே எழுதப்படுவதால் தானாக நகரும். எல்லாவற்றோடும் கூட்டினால் வலப்பக்கம் போகப்போக விலகல் பெருகும்.

இதைச் செய்யும்போது வித்தியாசக் கணக்கின் விதியையும் சரிபாருங்கள். முதல் புலம், அதாவது உருவான நெடுவரிசை, ஒவ்வொரு வரியிலும் பூச்சியத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். மற்ற நான்கும் கோப்பு முழுவதற்கும் தொடர்ந்து ஓடும், வரி மாறும்போது மீளாது. முதல் வரி சரியாக இருந்து இரண்டாம் வரியிலிருந்து கெட்டால் இதில் ஏதோ ஒன்று தலைகீழாக இருக்கிறது.

அந்த எண்களை எழுத்துகளாக்கும் விஎல்கியூ குறியாக்கத்தைச் சோதிக்க 16, −1 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். குறி கடைசி பிட்டில் இருப்பதால் 16 முதலில் 32 ஆகும். ஓர் இலக்கத்தில் 5 பிட் மட்டுமே தரவு, மேல் பிட் "இன்னும் இருக்கிறது" என்று சொல்வதற்கு. ஆகவே 16 இரண்டு இலக்கமாக வரும்: 32, பிறகு 1. −1 ஒரே இலக்கம், 3. பேஸ்64 எழுத்தாக மாற்றும் முன் இந்த எண்கள் வந்தால் குறியாக்கம் சரி.

அடிப்படை எண்ணும் கவனிக்க வேண்டியது. கோப்பில் எழுதப்படும் எல்லா வரியும் நெடுவரிசையும் 0-இலிருந்து. மொசில்லாவின் சோர்ஸ்-மேப் நூலகத்தின் ஃபங்ஷன்களில் வரி 1-இலிருந்து, நெடுவரிசை 0-இலிருந்து. வி8 ஸ்டாக் டிரேஸில் இரண்டும் 1-இலிருந்து. சோதனையில் ஒன்று கூடுதலாக வந்தால் கம்பைலரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்.

நடுவண்

முதல் சிக்கல் மேப்களை இணைப்பதில் வருவது. டெர்சர் தன் மேப்பை உருவாக்கும்போது, தான் செக்மென்ட் வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் உங்கள் மேப்பில் தேடி மூலத்துக்குத் தடம்பிடிக்கிறது. அங்கே உங்களிடம் செக்மென்ட் இல்லையென்றால் முந்தையதை எடுத்துக்கொள்ளும். இணைந்த மேப்பின் நுணுக்கம் இரண்டில் எது கரடுமுரடானதோ அதைத் தாண்டாது. எனவே இங்கே மட்டும் செம்பருத்தியின் பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். எஞ்சின் நிலை பதியாத இடமானாலும், ஜாவாஸ்கிரிப்ட் ஏஎஸ்டியில் ஒரு முனை தொடங்கும் இடமானால் செக்மென்ட் இருக்கட்டும். ஆப்ஜெக்ட் லிட்டரலின் சாவிகள், ஆர்கியுமென்ட்டுகள், டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும் எக்ஸ்பிரஷன்கள் இவைதான் வழக்கமாக விடுபடுபவை.

டெர்சருக்கு உங்கள் மேப் போய்ச் சேருகிறதா என்பதையும் பாருங்கள். அதன் சோர்ஸ்மேப் அமைப்பில் கன்டென்ட் என்ற புலத்தில் முந்தைய மேப்பைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது உங்கள் இடைநிலை ஜாவாஸ்கிரிப்ட்டையே மூலம் என்று கொள்ளும். ஈஎஸ்பில்டுக்கு மாறினால், உள்ளீட்டுக் கோப்பின் இறுதியில் சோர்ஸ்-மேப்பிங்-யூஆர்எல் குறிப்பு இருந்தால் அது தானே படித்துக்கொள்ளும். ரோலப் என்ற பண்ட்லரில் இடையில் ஒரு ப்ளகின் குறியீட்டை மாற்றிவிட்டு மேப் தராவிட்டால் "மேப் தவறாக இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை வரும். அதை அடக்கி வைக்காதீர்கள், சங்கிலி அங்கேதான் அறுந்திருக்கிறது. உரையைத் திருத்தும் மேஜிக்-ஸ்டிரிங் நூலகத்தைப் பயன்படுத்தும் படி ஏதும் இருந்தால், ஹைரெஸ் அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும். திருத்தப்படாத நீண்ட பகுதிக்கு அதன் தொடக்கத்தில் மட்டும் செக்மென்ட் கிடைக்கும். "பவுண்டரி" மதிப்பு கொடுத்தால் சொல் எல்லைகளில் செக்மென்ட் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் போடுவதைவிட மேப் மிகச் சிறிதாக இருக்கும். வெப்பேக்கில் "சீப்" என்று தொடங்கும் டெவ்டூல் அமைப்புகள் நெடுவரிசையை முற்றிலும் விட்டுவிடுகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு நெடுவரிசைப் பிழை தேடுவது வீண் வேலை.

மேப் உருவான பிறகு வெளியீட்டு உரையில் தேடி-மாற்று செய்யும் எந்தப் படியும் இருக்கக் கூடாது. பதிப்பு எண்ணை நிரப்பும் சிறு ஸ்கிரிப்ட் கூட அந்த வரியின் மீதியைத் தள்ளிவிடும். மினிஃபை செய்த கோப்பில் அந்த "வரி" என்பது கோப்பு முழுவதுமாக இருக்கலாம்.

இசைநிரல்

இதையெல்லாம் திருத்திய பிறகு சோதனை எழுதாவிட்டால் அடுத்த ஆப்டிமைசேஷன் பாஸ் சேர்க்கும்போது திரும்ப உடையும். மேப் கோப்பை ஸ்னாப்ஷாட்டாக ஒப்பிடுவதில் பயன் குறைவு. ஏதாவது மாறினால் முழு ஸ்டிரிங்கும் மாறும், யாரும் படித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வார்கள். மூன்று அடுக்காகச் சோதிக்கலாம்.

கட்டமைப்புச் சோதனை மலிவானது, எல்லா வெளியீட்டிலும் ஓட்டலாம். ஒவ்வொரு வரியிலும் உருவான நெடுவரிசைகள் கண்டிப்பாக ஏறுவரிசையில் இருக்கின்றனவா? இல்லையென்றால் பைனரி தேடல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரே நெடுவரிசையில் இரண்டு செக்மென்ட் இருந்தால் எது வெல்லும் என்பதைக் கருவியின் விருப்பத்துக்கு விடாதீர்கள், பிரின்டரிலேயே ஒன்றை நீக்குங்கள். மூல வரியும் நெடுவரிசையும் அந்தக் கோப்பின் எல்லைக்குள் இருக்கின்றனவா? ஐந்து புல செக்மென்ட் என்றால் மூலத்தில் அந்த இடத்தில் உண்மையிலேயே அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே யூடிஎஃப் பிழைகள் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

இரண்டாவது, உரை ஒப்பீடு. கம்பைலர் மாற்றாமல் கடத்தும் பெயர்களும் எண்களும் ஸ்டிரிங்குகளும் ஏராளம். வெளியீட்டை டோக்கன்களாக்கி, ஒவ்வொன்றையும் மேப் வழியாக மூலத்துக்குக் கொண்டுபோய், அங்கே அதே உரை இருக்கிறதா என்று பாருங்கள். மூலத்தில் உரை வேறாக இருந்தால் அது பிழை, அல்லது காரணம் தெரிந்த விதிவிலக்கு. மினிஃபயருக்கு முன்னும் பின்னும் இதே சோதனையை ஓட்டுங்கள்.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. மொழியின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு சிறு கோப்பு, உள்ளே வேண்டுமென்றே தோற்கும் ஓர் எக்ஸ்பிரஷன். தோற்க வேண்டிய இடத்தை மூலத்திலேயே ஒரு கமென்ட்டில் குறித்து வையுங்கள். நோட்.ஜேஎஸ்-ஐ எனேபிள்-சோர்ஸ்-மேப்ஸ் கொடியோடு ஓட்டி (12.12 பதிப்பிலிருந்து இருக்கிறது), ஸ்டாக் டிரேஸின் முதல் சட்டகம் அந்தக் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வரி, நெடுவரிசை இரண்டும். `பொருத்து`வின் ஒவ்வொரு கைக்கும் ஒன்று, "எதுவும் பொருந்தவில்லை" என்பதற்கு ஒன்று, அசிங்க் ஃபங்ஷனுக்குள் ஒன்று. ஒவ்வொன்றிலும் தோற்கும் இடத்துக்கு முன்னால் அதே வரியில் ஒரு தமிழ் ஸ்டிரிங்கும் ஓர் எமோஜியும் இருக்கட்டும்.

தும்பி

உரை ஒப்பீட்டுச் சோதனை உடனே பலன் தந்தது. டெம்ப்ளேட்டுக்குள் இருந்த எக்ஸ்பிரஷன்களும் ஆப்ஜெக்ட் சாவிகளும்தான் விடுபட்டவை, நடுவண் சொன்னபடியே. மேப் கணிசமாகப் பெருத்துவிட்டது, அது பரவாயில்லையா? இன்னும் இரண்டு: ஸ்டெப் இன் செய்தால் எங்கள் ரன்டைம் உதவிக் கோப்புக்குள் போய்விடுகிறது. மாறிப் பட்டியலில் `மதிப்பு` என்பதற்குப் பதில் நாங்கள் மாற்றிய பெயர் தெரிகிறது.

செம்பருத்தி

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரவுசர் மேப்பை டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போதுதான் இறக்குகிறது, பக்கம் பார்ப்பவருக்குச் சுமை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடுத்தடுத்த இரண்டு செக்மென்ட்டுகள் ஒரே மூல வரியையும் நெடுவரிசையையும் சுட்டினால், இரண்டுக்கும் பெயர்ப் புலம் இல்லாத பட்சத்தில் இரண்டாவது தேவையில்லை. அதை நீக்கினாலே நன்றாகக் குறையும். இரண்டும் உருவான ஒரே வரியில் இருந்தால் மட்டும் நீக்குங்கள். வரியின் முதல் செக்மென்ட்டைத் தொடாதீர்கள்.

ரன்டைம் கோப்புக்கு இக்னோர்-லிஸ்ட் புலம் இருக்கிறது. சோர்சஸ் பட்டியலில் அந்தக் கோப்பின் வரிசை எண்ணை அந்த அணியில் சேர்த்தால் டீபக்கர் அதற்குள் நிற்காது. தரநிலை அமைப்பான எக்மா 2024 டிசம்பரில் வெளியிட்ட எக்மா-426 தரநிலையில் இது இடம்பெற்றிருக்கிறது. குரோமில் முன்பு கூகுள் முன்னொட்டோடு இதே புலம் இருந்தது. பழைய கருவிகளுக்காக இரண்டையும் எழுதுவதில் தவறில்லை. உதவி ஃபங்ஷன்களை ஒவ்வொரு கோப்பிலும் நகலெடுத்துத் திணித்தால் இது வேலை செய்யாது, ஏனென்றால் குறிப்பதற்குத் தனிக் கோப்பே இருக்காது. ரன்டைமைத் தனி மூலமாகவே வைத்து இம்போர்ட் செய்யுங்கள்.

பெயருக்கு ஐந்தாவது புலம். மாறி அறிவிக்கப்படும் இடத்திலும் பயன்படும் இடங்களிலும், உருவான பெயர் மூலப் பெயரிலிருந்து வேறுபட்டால் மட்டும் போடுங்கள். பெயர் முடிந்த அடுத்த எழுத்திலேயே பெயரில்லாத இன்னொரு செக்மென்ட் வேண்டும். இல்லையேல் அந்தப் பெயர் பின்னால் வரும் குறிகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மூல மாறியை நீங்கள் இரண்டாக உடைத்திருந்தாலோ ஆப்ஜெக்ட்டின் புலமாக்கியிருந்தாலோ இந்தப் புலத்தால் அதைச் சொல்ல முடியாது. ஸ்கோப்களை மேப்பிலேயே எழுதும் முன்மொழிவு ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக் குழுவான டிசி39-இன் பணிக்குழுவில் இருக்கிறது. அதுவரை டீபக் பில்டில் பயனரின் பெயர்களை மாற்றாமல் விடுவதும், மோதல் வந்தால் பின்னொட்டு மட்டும் சேர்ப்பதும்தான் செய்யக்கூடியது.